புரோட்டோபிளாஸ்ட் வரவில்லை, வெடிக்கிறது, பிரியவில்லை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

புரோட்டோபிளாஸ்ட், அதாவது சுவர் நீக்கிய தாவரச் செல், எடுக்கும் வேலை சொதப்பினால் எல்லாரும் முதலில் கை வைப்பது சுவரைக் கரைக்கும் என்சைமில்தான். அளவைக் கூட்டுவோம், நேரத்தை நீட்டுவோம், கடைசியில் புது டப்பா வாங்குவோம். நானும் இப்படியே நிறைய இலையையும் நாளையும் தொலைத்திருக்கிறேன். பழுது பெரும்பாலும் அதற்கு முன்பே, இலையிலோ, சுவரில்லாத செல் நீரை இழுத்து வெடிக்காமல் காக்கும் மானிட்டாலிலோ உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு பிடிக்கும் காரணத்தில் முடித்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள், தாவிப் போகாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை வேண்டும். ஆய்வுக்கூடங்களின் மாதிரிச் செடியான அரபிடாப்சிஸின் இலைக்கு நான் வைத்துக்கொள்வது இது: செல்லுலேஸ் ஆர்-10 (சுவரின் செல்லுலோஸை உடைக்கும் என்சைம்) 1 முதல் 1.5 சதவீதம், மாசரோசைம் ஆர்-10 (செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை உடைப்பது) 0.2 முதல் 0.4 சதவீதம், மானிட்டால் 0.4 மோலார், பொட்டாசியம் குளோரைடு 20 மில்லிமோலார், எம்இஎஸ் பஃபர் 20 மில்லிமோலார், பிஹெச் 5.7. இதை 55 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்கி, ஆறியதும் 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் 0.1 சதவீதம் பிஎஸ்ஏவும் (மாட்டு ரத்தப் புரதம்) சேர்க்கிறேன். அரை முதல் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிய இலை, அரை மணி நேரம் வேக்குவம், அப்புறம் அசைக்காமல் இருட்டில் 3 மணி நேரம். 75 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டி, 100 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 100 மடங்கு) சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, டபிள்யூ5 என்ற உப்புக் கரைசலில் (அளவுகள் கீழே வரும்) கழுவ வேண்டும். புகையிலைக்கும் ஏறக்குறைய இதுதான், மானிட்டாலை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கடைசியில் மட்டும் பார்த்தால் எங்கே கெட்டது என்று ஜென்மத்துக்கும் தெரியாது.

## அறிகுறி: மூன்று மணி நேரம் ஆகியும் கரைசல் பச்சையாகவில்லை

கிண்ணத்தை லேசாகச் சுழற்றினால் கரைசலில் பச்சை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முதலில் செடியைப் பாருங்கள். பூக்காம்பு விட்ட அரபிடாப்சிஸ், முதிர்ந்த தடித்த இலை, தண்ணீர் இல்லாமல் ஒருமுறை வாடி எழுந்த செடி எல்லாமே மோசம். மூன்று நான்கு வாரச் செடியில் முழுதாக விரிந்த, இன்னும் தடிக்காத இலைதான் வேண்டும். கையில் மடக்கினால் பட்டென்று ஒடியாமல் வளைந்து கொடுக்கிற இலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிளேடு. பத்து இலைக்கு ஒரே பிளேடைப் போட்டு இழுத்தால் விளிம்பு நசுங்கிக் கரும்பச்சையாக மாறும். நசுங்கிய இடத்தில் என்சைம் உள்ளே போகாது, செல்லும் செத்திருக்கும். நான்கைந்து இலைக்கு ஒரு புது முனை. நறுக்கிய துண்டுகள் கரைசலின் மேல் மிதந்துகொண்டே இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. வேக்குவத்தை மறுபடி போடுங்கள், விடும்போது மெதுவாக விடுங்கள். துண்டு கண்ணாடி போலத் தெளிந்து அடியில் போனால் சரி. மெழுகுப் பூச்சு தடித்த இலை என்றால் அடித்தோலை உரித்துவிட்டு அந்தப் பக்கம் கரைசலில் படும்படி வைப்பதுதான் பழைய, நம்பகமான வழி.

இதெல்லாம் சரி, இன்னும் வரவில்லையா? இப்போது துளியைப் பாருங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

செல்கள் தனித்தனியாக இருக்கின்றன, ஆனால் நீள்சதுரமாகவோ மூலை வைத்தோ இருக்கின்றன. பெக்டினை உடைக்கும் மாசரோசைம் தன் வேலையைச் செய்துவிட்டது, செல்லுலேஸ் செய்யவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பிஹெச்சை அளந்து பாருங்கள், 5.5க்கும் 5.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். எம்இஎஸ் போட்டுவிட்டுப் பிஹெச் சரிசெய்ய மறந்தது யாருக்கும் நடக்கும்.

விளிம்பில் உருண்டை, நடுவில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. இது மாசரோசைம் பற்றாக்குறை. அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். அதற்கும் மசியாத இலைக்குப் பெக்டோலியேஸ் ஒய்-23 இருக்கிறது. மிக வீரியமானது. 0.05 சதவீதத்தில் தொடங்கி, மணிக்கொருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். இதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தால் கிண்ணத்தில் பச்சைக் கஞ்சிதான் மிஞ்சும்.

இரண்டிலும் சேராமல் எதுவுமே நடக்கவில்லை என்றால்தான் என்சைம் பொடியைச் சந்தேகப்பட வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவை அறை வெப்பத்துக்கு வரும் முன்பே திறந்தால் ஈரம் பிடித்துக் கட்டியாகும், அப்படிக் கட்டியான பொடி பெரும்பாலும் சோர்ந்துபோனது. வேறொருவரிடம் நன்றாக வேலை செய்கிற பொடியில் ஒரு கிராம் கேட்டு வாங்கி, ஒரே இலையின் இரு பாதிகளில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். புது டப்பாவுக்கு ஆர்டர் போடுவது அதற்குப் பிறகு.

## அறிகுறி: வெளியே வருகிறது, ஆனால் வெடிக்கிறது

பார்வைப் புலம் முழுக்கத் தனியாக அலையும் பசுங்கணிகங்கள், நூல் நூலாகச் சளி, அங்கங்கே ஓர் உருண்டை. சளி என்பது வெடித்த செல்களின் டிஎன்ஏ. எந்தக் கட்டத்துத் துளியில் இது முதலில் தெரிந்தது என்பதுதான் கேள்வி.

என்சைமில் இருக்கும்போதே வெடிக்கிறது. மானிட்டால் கணக்கை மறுபடி போடுங்கள். மூலக்கூறு எடை 182.17, ஆகவே 0.4 மோலாருக்கு லிட்டருக்கு 72.9 கிராம். 0.8 மோலார் ஸ்டாக்கைக் குளிர்ப்பெட்டியில் வைப்பவர்கள் பாட்டிலின் அடியைப் பார்க்க வேண்டும். ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியிருந்தால் மேலே இருப்பது நீங்கள் எழுதி வைத்த செறிவு அல்ல. வெந்நீரில் வைத்து முழுவதும் கரைத்துவிட்டு எடுங்கள். கணக்குச் சரியாக இருந்தும் வெடித்தால் 0.4, 0.5, 0.6 மோலார் என்று மூன்று சிறு கிண்ணங்களில் ஓட்டிப் பாருங்கள். செடிக்குச் செடி, ஏன், ஒரே செடியை வேறு வெளிச்சத்தில் வளர்த்தாலும் இது மாறும்.

கழுவும்போது வெடிக்கிறது. இதில் நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன். என்சைமில் அழகழகான உருண்டைகள், டபிள்யூ5 ஊற்றியதும் பாதி காணாமல் போகும். பைப்பெட்டைக் குற்றம் சொன்னேன், சென்ட்ரிஃபியூஜைக் குற்றம் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் கால்சியம் குளோரைடு பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படித்தேன்: டைஹைட்ரேட். என் குறிப்பேட்டில் இருந்த கணக்கு நீரற்ற உப்புக்கு. 125 மில்லிமோலாருக்கு நீரற்றது லிட்டருக்கு 13.9 கிராம், டைஹைட்ரேட் என்றால் 18.4 கிராம். நான் 13.9 கிராம் டைஹைட்ரேட் போட்டுக்கொண்டிருந்தேன், அதாவது 95 மில்லிமோலார்கூட இல்லை. டபிள்யூ5க்கு மற்றவை: சோடியம் குளோரைடு 154, பொட்டாசியம் குளோரைடு 5, எம்இஎஸ் 2 மில்லிமோலார். எடை போடும் முன் ஒவ்வொரு லேபிளையும் படித்துவிடுங்கள். கழுவும் கரைசலை ஒரேயடியாக ஊற்றாமல் குழாயின் சுவர் வழியே மெதுவாக இறக்குவதும் பலன் தரும்.

சுற்றிய பிறகு வெடிக்கிறது. ஜி விசையையும் சுற்று எண்ணையும் குழப்பிக்கொள்வது வழக்கமான தவறு. 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் 100 ஜி என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 770 சுற்று. 1,000 வைத்தால் 168 ஜி ஆகிவிடும். பிரேக்கை அணைத்துவிடுங்கள், தானாகவே நிற்கட்டும். பைப்பெட் முனையைக் கத்தரித்து வாயை அகலமாக்கிக்கொள்ளுங்கள்.

விசையும் சரி, கையும் மென்மை, இருந்தும் அடியில் வெள்ளையாக ஒரு படிவு தெரிகிறதா? ஸ்டார்ச். சாயங்காலம் பறித்த இலையில் பகல் முழுக்கச் சேர்ந்த ஸ்டார்ச் மணிகள் இருக்கும், சுற்றும்போது அவை உள்ளிருந்தே கூழாங்கல் போலக் குத்திக்கொண்டு வெளியே வரும். செடியை 24 மணி நேரம் இருட்டில் வைத்து, காலையில் பறியுங்கள். சில இனங்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளும் இதே வேலையைச் செய்யும். அவற்றைச் சல்லடை பிடிக்காது. அந்த மாதிரிச் செடிக்குச் சுற்றுவதை விட்டுவிட்டுப் பனிக்கட்டியில் அரை மணி நேரம் தானாகப் படிய விடுவது நல்லது.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கரைசலின் ஆஸ்மோலாலிட்டியை, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் மொத்தச் செறிவை, அளக்க வேண்டும். உங்கள் கூடத்தில் ஆஸ்மோமீட்டர் இல்லையென்றால் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் கேளுங்கள், ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் அவர்கள் பயன்படுத்தும் அதே கருவிதான். சென்ட்ரிஃபியூஜ் சமன் செய்த பிறகும் அதிர்கிறது என்றால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், நிறுத்திவிட்டுச் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: உருண்டை சுருங்கி, பசுங்கணிகம் எல்லாம் ஒரு பக்கம் குவிந்திருக்கிறது

மானிட்டால் கூடிவிட்டது, அவ்வளவுதான். கிண்ணத்தைத் திறந்து வைத்து நீர் ஆவியாவதாலும் இது வரும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். படிப்படியாகச் செறிவைக் குறைத்தால் ஒரு மணி நேரத்தில் மீண்டுவிடும்.

## அறிகுறி: ராட்சச செல்கள்

சில உருண்டைகள் மற்றவற்றைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, உள்ளே பல உட்கருக்களோடு இருந்தால், செல் சுவர் கரையும்போது பக்கத்துச் செல்களோடு தானாகவே ஒன்றிவிட்டன என்று அர்த்தம். என்சைமில் போடும் முன் நறுக்கிய இலையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் மானிட்டால் கரைசலில் ஊற வையுங்கள். செல்கள் சுருங்கி இணைப்பு அறுந்துபோகும்.

## அறிகுறி: நல்லதும் குப்பையும் கலந்தே வருகிறது

21 சதவீத சுக்ரோஸில் மிதக்க விடுவதுதான் மருந்து. 100 ஜியில் பத்து நிமிடம் சுற்றினால் உயிருள்ளவை மேலே பச்சை வளையமாக நிற்கும், உடைந்தது அடியில் போகும். வளையமே வரவில்லை, எல்லாம் அடியில் இருக்கிறது என்றால் இரண்டு காரணம்: ஸ்டார்ச் கனம், அல்லது வளையமாக நிற்க உயிரோடு எதுவும் இல்லை. எது என்று அடிப்படிவிலிருந்து ஒரு துளி எடுத்தால் தெரிந்துவிடும். வளையம் கலங்கலாகப் பரவி நின்றால் மேலே ஒரு மில்லிலிட்டர் டபிள்யூ5 அடுக்கிவிட்டுச் சுற்றுங்கள், இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல நிற்கும்.

## அறிகுறி: பார்க்க அழகு, எஃப்டிஏவில் ஒளிரவில்லை

உருண்டையாக இருப்பதெல்லாம் உயிரோடு இருப்பதாகாது. எஃப்டிஏ (ஃப்ளோரசீன் டைஅசிட்டேட், உயிருள்ள செல்லில் ஒளிரும் சாயம்) போட்டு ஐந்து நிமிடத்தில் நீல ஒளியில் பார்த்தால் உயிருள்ளது பச்சையாக ஒளிர வேண்டும். செத்ததில் பசுங்கணிகத்தின் சிவப்பு மட்டும் தெரியும்.

எதுவுமே ஒளிரவில்லை என்றால் உடனே செல்லைச் சந்தேகப்படாதீர்கள், எஃப்டிஏவைச் சந்தேகப்படுங்கள். அசிட்டோனில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் ஸ்டாக் ஃப்ரீசரில் நாள்பட நிற்கும். நீர்க்கரைசலில் கலந்தது நிற்காது, தானே சிதைந்து பின்னணி முழுக்கப் பச்சையாகும். அன்றன்றைக்குக் கலக்குங்கள். ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பே இல்லையா? இவான்ஸ் நீலம் என்ற சாயம் போதும், அங்கே செத்ததுதான் நீலமாகும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

உண்மையிலேயே செத்திருந்தால், என்சைமில் இருந்த நேரத்தைப் பாதியாக்குங்கள். அடுத்து, பனிக்கட்டியில் எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்று பாருங்கள். உயிருள்ளவை 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் அந்தத் தொகுதியை வளர்க்க எடுத்துக்கொள்வதில்லை. செத்தது கசியவிடும் பொருள்கள் மிச்சத்தையும் கெடுக்கும். மைக்ரோஸ்கோப்பின் பாதரச விளக்கு மங்கியிருந்தாலோ அணைந்து அணைந்து எரிந்தாலோ அதை மாற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை. உடைந்தால் பாதரச ஆவி.

## அறிகுறி: வளர்க்க வைத்து ஒரு வாரம், ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை

முதல் இரண்டு நாளில் சுவர் கட்டிக்கொள்ள வேண்டும், உருண்டை முட்டை வடிவத்துக்கு மாறுவதே அதற்கு அடையாளம். முதல் பகுப்பு பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்.

முதலில் அடர்த்தியை மறுபடி எண்ணுங்கள். ஹீமோசைட்டோமீட்டரின் (செல் எண்ணும் கண்ணாடித் தகடு) ஒரு பெரிய சதுரத்தின் சராசரியை 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்று வரும். முழு உருண்டையை மட்டும் எண்ணுங்கள், அரைகுறையைச் சேர்த்து எண்ணி ஏமாந்தவர்கள் நிறைய. மில்லிலிட்டருக்கு 50,000 முதல் 1,00,000 வரை நல்ல இடம். 10,000க்குக் கீழே போனால் பெரும்பாலான இனங்கள் பிரியாமல் அப்படியே கிடந்து சாகும். செல்கள் ஒன்றுக்கொன்று துணை தேடும் விஷயம் இது. குறைவாகத்தான் கிடைத்தது என்றால் திரவத்தில் பரப்பாமல் ஆல்ஜினேட் மணியிலோ குறைந்த வெப்பத்தில் உருகும் அகரோஸிலோ பொதிந்து, பக்கத்தில் வேகமாக வளரும் செல்களைத் தாதியாக வையுங்கள். அகரோஸைக் கலக்கும்போது 40 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. கன்னத்தில் குழாயை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் போதும், சுரீர் என்றால் ஆறட்டும்.

அடர்த்தி சரி என்றால் கால்கோஃப்ளூவர் வெள்ளை (செல் சுவரில் ஒட்டி நீலமாக ஒளிரும் சாயம்) போட்டுப் புறஊதா ஒளியில் பாருங்கள்.

நீல வளையமே இல்லை. சுவர் தொடங்கவில்லை. என்சைம் மிச்சம் ஒட்டியிருக்கலாம், இன்னும் இரண்டு முறை கழுவுங்கள்.

வளையம் பாதி, அதன் ஓட்டை வழியே செல் பிதுங்கி மொட்டு விட்டிருக்கிறது. பார்த்தால் பகுப்பு போலவே இருக்கும், கொண்டாடிவிடாதீர்கள். உள்ளே குறுக்குச் சுவர் இருக்காது. சுவர் கட்டும் வேகம் போதவில்லை. ஊடகத்தின் மானிட்டாலையும் கால்சியத்தையும் சரிபாருங்கள்.

வளையம் முழுசு, பகுப்பு மட்டும் இல்லை. இப்போது ஊடகம். முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தில் லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. உருளைக்கிழங்கு உள்பட நிறையச் செடிகளின் புரோட்டோபிளாஸ்டுக்கு அது விஷம். அதை எடுத்துவிட்டுக் குளூட்டமின் போடுங்கள், அல்லது கேஎம்8பி மாதிரி இதற்கென்றே செய்த ஊடகத்துக்கு மாறுங்கள். முதல் நாள்களில் வெளிச்சம் வேண்டாம். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு வளர்ச்சி ஹார்மோன்களையும் ஒரு சிறு கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிப் பார்ப்பது இதற்குப் பிறகு.

இதற்கும் அசையாவிட்டால் செடிவகையே காரணமாக இருக்கலாம். புகையிலை இலை புரோட்டோபிளாஸ்டிலிருந்து 1971லேயே முழுச்செடி வந்துவிட்டது. நெல்லுக்கு 1980களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் இலையிலிருந்து அல்ல, கருத்தன்மையுள்ள காலஸ் (உருவமற்ற செல் திரள்), திரவத்தில் வளர்த்த சஸ்பென்ஷன் செல்களிலிருந்து. தானியப் பயிரின் இலையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: மூலத்திசுவை மாற்றுங்கள்.

## அறிகுறி: தட்டு பழுப்பாகிறது

பழுப்புக்குக் காரணம் ஃபீனால். அடர்த்தி ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தால் பாதியாக்குங்கள். செத்த குப்பை அதிகமாக உள்ளே போயிருந்தால் சுக்ரோஸ் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். ஐந்தாம் நாளிலேயே பாதி ஊடகத்தைப் புதிதாக மாற்றுவது பல நேரம் காப்பாற்றியிருக்கிறது. அடுத்து, அஸ்கார்பிக் அமிலமோ ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியோ, என்சைம் கட்டத்திலிருந்தே.

## அறிகுறி: தட்டு கலங்குகிறது

இரண்டு நாளில் பால் போலக் கலங்கினால் பாக்டீரியா. பஞ்சு போலத் தெரிந்தால் பூஞ்சை. எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க வேண்டாம், அடுத்த முறை மூன்று தட்டு கூடுதலாக வையுங்கள்: வெறும் ஊடகம், ஊடகத்தில் சிறிது என்சைம் கரைசல், ஊடகத்தில் சிறிது டபிள்யூ5.

என்சைம் தட்டு மட்டும் கலங்கினால் வடிகட்டியில் ஓட்டை. 0.22 மைக்ரோமீட்டர் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, நீங்கள் சிரிஞ்சை ஓங்கி அழுத்தியிருப்பீர்கள், சவ்வு கிழிந்திருக்கும். முதலில் கரையாத தூளைச் சுற்றி இறக்கி, 0.45இல் வடித்து, அப்புறம் 0.22. என்சைமை ஆட்டோகிளேவில் வைத்தால் வெந்துபோகும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் வைக்கிறார்.

மூன்றும் தெளிவு, புரோட்டோபிளாஸ்ட் தட்டு மட்டும் கலங்குகிறது என்றால் கிருமி இலைக்குள்ளேயே இருக்கிறது. மேற்பரப்பைக் கழுவி அது போகாது. செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் அமுக்கி வைக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். விதையைக் கிருமி நீக்கம் செய்து, கண்ணாடிக் குழாயிலேயே புதுச் செடி வளர்த்து எடுங்கள். அதிலும் வந்தால் தாவர நோயியல் பிரிவில் கொடுத்து இனம் காணச் சொல்லுங்கள்.

எல்லாத் தட்டும் கலங்கினால் சந்தேகம் லாமினார் ஃப்ளோ (கிருமி வடிகட்டிய காற்று வீசும் வேலை மேடை) மேல். ஓர் அகர் தட்டைக் காற்று ஓடும்போது அரை மணி நேரம் திறந்து வைத்து, இரண்டு நாள் வளர்த்துப் பாருங்கள். காலனி வந்தால் ஹெபா ஃபில்டரைச் சோதிக்க ஆள் வர வேண்டும், அதுவரை அந்த அறையில் வேலை வேண்டாம்.

## அறிகுறி: பத்து இருபது செல் வரை வந்து நின்றுவிட்டது

மானிட்டாலை இன்னும் அப்படியே வைத்திருக்கிறீர்கள். சுவர் கட்டிய பிறகு அது தேவையில்லை, வளர்ச்சியை இறுக்கிப் பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஊடகத்தில் கால் பங்கை மானிட்டால் இல்லாத ஊடகமாக மாற்றுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் முழுவதும் மாற்றிய தட்டில் மறுநாள் காலை காலனிகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: காலஸ் வந்தது, தளிர் வரவில்லை

காலனி ஒரு மில்லிமீட்டரைத் தொட்டதும் ஆக்சினைக் குறைத்துச் சைட்டோகைனினைக் கூட்டிய திட ஊடகத்துக்கு, வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். தாமதிக்கத் தாமதிக்கத் தளிர் விடும் திறன் குறையும். பல மாதக் காலஸ் என்றால் குரோமோசோம் எண்ணிக்கையே மாறியிருக்கக்கூடும். ஃப்ளோ சைட்டோமீட்டர் உள்ள கூடத்துக்குத் தாய்ச்செடியின் இலையையும் காலஸையும் சேர்த்து அனுப்பிப் பிளாய்டியை, அதாவது குரோமோசோம் தொகுதி எத்தனை என்று, கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் காலஸை விட்டுவிட்டு, புது இலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.